கூட்டக் கேசட்

நான்கு நாளாக அந்தக் கேசட் அட்டையைப் பார்த்து நம் ரசிகர் குழுவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். போட்ட கையோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் ஆங்கிலப் பாடகர் போன மாதம் மேடையேறினார். எண்பதை நெருங்குகிற மனிதர், கிடாரை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றபடியே பாடினார். கடைசிப் பாட்டுகளில் குரல் பிசிறியது. அதைப் பார்த்த நம்மில் பாதிப் பேர், ஆல்பத்தில் இருக்கும் குரலோடு நிறுத்திக்கொண்டிருக்கலாமே என்றார்கள். மீதிப் பேர், மேடையில் பாடுவதுதான் பாட்டு, மற்றதெல்லாம் தொழிற்சாலைச் சரக்கு என்று சண்டைக்கு வந்தார்கள். பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொண்டோம். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் நம் புதுச்சேரி நண்பர் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டார். பாடகர் இளவயதில் எங்கோ நடத்திய கச்சேரி. புதுச்சேரியில் ஒரு வயதான சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேசட்டாக இருந்ததாம். அட்டையில் நீல மையில், அச்சடித்த மாதிரி, தமிழில் இரண்டு சொற்கள்: கூட்டக் கேசட்.

"எந்த லிஸ்ட்லயும் இல்லாத பேரா இருக்கே, யாருப்பா வெச்சது?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்.

என் அத்தை வைத்தது. அது அவள் கையெழுத்து.

எனக்கு அப்போது பத்து வயது. சிங்கவரத்தில் இருந்தோம். முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியிருந்த கோடை. காலை ஒன்பது மணிக்கே கோட்டை மலைப் பாறைகள் காய்ந்துவிடும். செஞ்சிக்குப் போகிற சாலையில் வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் அடிக்காது, பக்கத்திலிருந்தும் அடிக்கும். அத்தை சைக்கிள் மிதிப்பாள், நான் பின்னால் கேரியரில். உட்காருகிற இடம் சுடும் என்று ஒரு கோணிப்பையை நான்காக மடித்துக் கட்டியிருப்பாள். அது வழுக்கும். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டால், "விடுடி, வேர்க்குது" என்பாள்.

அத்தை நைனாவின் தங்கை. ஆசிரியர் பயிற்சி முடித்து, பேரைப் பதிந்துவிட்டு, வேலை ஆர்டருக்குக் காத்திருந்தாள். காத்திருப்பது என்றால் நம்மைப் போல உட்கார்ந்துகொண்டு அல்ல. நின்றபடியே சாப்பிடுவாள். நின்றபடியே தலை வாருவாள். தபால்காரரின் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். வெறுங்கையோடு திரும்பி, பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்குவாள். "இவ சும்மா இருந்தா வீட்டையே தேச்சுடுவா" என்று அம்மா சொல்லி, நைனா அவளை டவுனில் டைப் கிளாஸில் சேர்த்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. தனியாகப் போகக்கூடாது, நானும் கூடப் போக வேண்டும்.

டைப் கிளாஸ் மாடியில். அதற்கு நேர் கீழே கேசட் கடை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தருகிற கடை. இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும், அவ்வளவுதான் அகலம். கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முன்பு புதுச்சேரியில் சவுண்ட் செட் கட்டும் வேலையில் இருந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரரின் டேப் ரெக்கார்டரைச் சரிசெய்து கொடுத்ததற்கு அவர் கொடுத்துவிட்டுப் போனவைதான் நம் பாடகரின் மூன்று கேசட்டுகள். மூன்றும் நகல்கள். வெறும் வெள்ளை அட்டை, பேரே இல்லை. பதினோரு மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் அவற்றைப் போடுவார்.

அவர் ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருகிறவர். அது எனக்கும் தெரியும். தெரிந்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு என்பதுதான் தெரியாது.

அத்தை முதல் முறை அந்தக் கடைக்குப் போனது சண்டை போட. "மேல டைப் அடிக்க முடியலிங்க. யாரோ கத்தினே இருக்காங்க. கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க" என்றாள். அவர் குறைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னா டீச்சர், இன்னும் கொறைக்கணுமா?"

"இல்ல. இப்ப சரியா கேக்க மாட்டேங்குது" என்றாள் அத்தை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுக்க அந்த இரண்டு பேரும் பேசியது நம் பாடகரைப் பற்றி மட்டும்தான். இன்றைக்கு நீங்கள் பேசுவதெல்லாம், எந்த ஆல்பத்தில் குரல் முதிர்ந்தது, எதில் கிடார் முந்திக்கொண்டது, எல்லாமே அன்றைக்கே எனக்குக் காதில் விழுந்தவை. முதல் கேசட் மழைச் சத்தத்தோடு ஆரம்பிக்கும், அது மழைக் கேசட். இரண்டாவதில் டிரம்ஸ் ரயில் ஓடுகிற மாதிரி விழும், அது ரயில் கேசட். பேர்கள் அத்தை வைத்தவை. மூன்றாவது மேடைக் கச்சேரி. அதற்கு அவள் பேர் வைக்கவில்லை. பிடிக்கவில்லை.

"மழைக் கேசட்ல எவ்ளோ சுத்தமா பாடியிருக்காரு. இதுல இன்னா, மூச்சு இரைக்குது, பாதிப் பாட்டுல நிறுத்திட்டாரு. மறந்துட்டாரு போல."

"மறக்கலிங்க டீச்சர். அந்த மூச்சக் கேளுங்க. லைவ்னா அதான். லைவ்தான் பெருசு."

"லைவ்னா இன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஜனங்க முன்னாடி நேரா பாடறது பாப்பா. தப்பு வந்தா வந்ததுதான். அழிக்க முடியாது."

அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் பாட்டு வரிகளைக் காதில் விழுந்தபடி எழுதுவாள். புரியாத சொல்லுக்கு வீட்டில் வந்து அகராதி பார்ப்பாள். மறுநாள் போய், "நேத்து நீங்க சொன்ன சொல்லு அது இல்லிங்க" என்று வம்புக்கு இழுப்பாள். கேசட் கடைக்காரர் டேப்பை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுவார். டேப் உரசி ஓடுகிற ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். நான் காலிக் கேசட் பெட்டிகளை அடுக்கிக் கோட்டை கட்டுவேன். அத்தை அந்த வாரங்களில் தபால்காரரின் மணிக்கு ஓடவில்லை. அதை யார் கவனித்தார்களோ இல்லையோ, அம்மா கவனித்தாள்.

ஒரு நாள் மேடைக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு. பாடகர் வழக்கம்போல நடுவில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் கிடார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெண்பிள்ளை குரல், மைக்குக்குப் பக்கத்தில் எங்கோ, சுருதி சேராமல் அந்த வரியை எடுத்தது. ஒரே ஒரு குரல். அப்புறம்தான் கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. இருபது தடவை கேட்ட இடம். அத்தை அன்றைக்குத்தான் அந்தக் குரலைக் கேட்டாள்.

"நிறுத்துங்க. திரும்பப் போடுங்க."

போட்டார். மறுபடியும் போடச் சொன்னாள்.

"அந்தப் பொம்பள யாருங்க?"

"யாருக்குத் தெரியும். பாட்டு கேக்க வந்தவங்க யாரோ."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். "ரெக்கார்டுல இந்தம்மா வந்திருக்கவே முடியாதுல்ல?"

"முடியாது."

"சரிங்க. நான் ஒத்துக்கறேன். லைவ்தான் பெருசு." பேனாவை வாங்கி அந்த வெள்ளை அட்டையில் 'கூட்டக் கேசட்' என்று எழுதிக் கொடுத்தாள். கடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அதே ஊரில் எங்களைவிடப் பெரிய வீடு. நைனா எதையும் அவரைக் கேட்காமல் செய்யமாட்டார். அத்தை பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அத்தையின் நோட்டை மாமாவிடம் கொடுத்தாள். மாமா எட்டாவது வரை படித்தவர். விரல் வைத்துத் தேடி, "ஹார்ட்டு, ஹார்ட்டுன்னு நாலு எடத்துல எழுதியிருக்குது" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு கைப்பிடி கொடுத்தார். சூடாக இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் கேசட் கடைக்குப் போறீங்களாமே. அங்க இன்னா பேசிக்கிறாங்க கண்ணு?"

"லைவ் பத்தி மாமா."

"இன்னாது?"

"லைவ். லைவ்தான் பெருசுன்னு அவரு சொல்வாரு. அத்தை ஒத்துக்கவே ஒத்துக்காது. நேத்துதான் ஒத்துக்கிச்சு."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மாமா நைனாவைப் பார்த்தார். "கேட்டியா, லவ்வாம்" என்றார்.

"லவ் இல்ல மாமா, லைவ்" என்றேன். நான் சொன்னேன் என்றுதான் என் நினைவு. சொல்லவில்லையோ என்று இப்போது சில சமயம் சந்தேகம் வருகிறது.

"ஒத்துக்கிச்சே, அப்ப அத்தை இன்னா பண்ணிச்சு?"

"அழுதுச்சு" என்றேன். உண்மையைத்தானே கேட்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

மாமா என்னை இறக்கிவிட்டு எழுந்தார். வாசலில் இரண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நைனா போகவில்லை. தடுக்கவும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கணக்கு மறந்துபோனவர் மாதிரி நின்றிருந்தார்.

அத்தைக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. சோப்பு நுரை காயாத கையோடு சைக்கிளை எடுத்தாள். நான் ஓடிப்போய்க் கேரியரில் தொற்றினேன். அன்றைக்கு அவள் என்னை இறங்கச் சொல்லவும் இல்லை, பிடித்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைத்தெருவில் பட்டப்பகல். இரண்டு டேப் ரெக்கார்டர்களும் சாலையில் கவிழ்ந்து கிடந்தன. கேசட்டுகளைக் காலால் மிதித்து, உள்ளே இருந்த டேப்பை உருவிப் போட்டிருந்தார்கள். பழுப்பு நாடா சாலை முழுக்கப் பளபளத்தது. காற்றுக்கு எழும்பி எதிரே ஓட்டல் பலகையில் சுற்றிக்கொண்டது. ஒரு பஸ் அதன்மேல் ஏறி, சக்கரத்தில் சுற்றி இழுத்துக்கொண்டே போயிற்று. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். டைப் கிளாஸ் மாடியிலும் தலைகள்.

கடைக்காரர் சட்டை கிழிந்து, உதடு வீங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அத்தை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளும் பொறுக்க ஆரம்பித்தாள்.

அவர் நிமிரவே இல்லை. மெதுவாகச் சொன்னார். "எழுந்திருங்க டீச்சர்."

அத்தை எழுந்திருக்கவில்லை.

"நீங்க இங்க உக்காந்து பொறுக்கினா, நாளைக்கு என் வீடும் இருக்காது. எங்கம்மா இருக்குது அங்க. எழுந்து போங்க. தயவு செஞ்சு போங்க."

அத்தை கையில் எடுத்ததைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே சிங்கவரம் வரை நடந்தோம். செருப்பு போடாமல் வந்திருந்தாள். செருப்பு போட்டிருந்த எனக்கே தார் சுட்டதென்றால் அவளுக்கு எப்படிச் சுட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து நைனாவுக்கு முன்னால் நின்றாள். "பாட்டப் பத்திதாண்ணே பேசினோம்."

"பாட்டப் பத்திப் பேச ஊர்ல வேற ஆளா இல்ல?" என்றார் நைனா.

"இல்லண்ணே" என்றாள் அத்தை. இன்னொரு தடவை, "இல்ல" என்றாள்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் நம்பினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நம்பினேன் என்று சொன்னால் மாமாவிடம் போய் நிற்க வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாததைக் கோபம் மாதிரி முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பத்து வயதில் எனக்கு அது கோபமாகத்தான் தெரிந்தது.

பத்தே நாளில் பனமலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அத்தை அவர்கள் முன்னால் வந்து நின்று, "எனக்கு இஷ்டம் இல்லிங்க, உங்களுக்கு அலைச்சல் வேணாம்" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா குதித்தார். அம்மா அழுதாள். அத்தை நின்றபடியே சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் ஆர்டர் வந்தது. தூரத்து மாவட்டம், மலைமேல் ஒரு ஊர், பஸ் பாதி வழிவரைதான் போகும் என்றார்கள். ஒரு தகரப் பெட்டியோடு அவளே பஸ் ஏறிப் போனாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அவள் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கூட வேலை செய்த வாத்தியாரை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அதன் பிறகு சாவுக்கு மட்டும்தான் ஊருக்கு வந்தாள்.

கேசட் கடைக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. எங்கே என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாமா இப்போது இல்லை. நைனாவும் இல்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகு நம் பாடகரின் ஆல்பங்களைத் தேடித் தேடி வாங்கினேன். ஏன் இவர் மேல் இவ்வளவு பைத்தியம் என்று என் வீட்டுக்காரர் கேட்டபோதெல்லாம் வேறு எதையாவது சொன்னேன்.

உங்கள் சிரிப்புக்கு நடுவே அந்த அட்டையைப் பார்த்த அன்று மாலையே அத்தைக்குப் போன் போட்டேன். அறுபத்தைந்து வயது, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். படத்தை அனுப்பினேன் என்றேன். பார்த்தேன் என்றாள். அப்புறம் அத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். மாமா மடியில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன் என்று.

"தெரியும்டி. உங்க நைனா அன்னிக்கே சொல்லிட்டாரு."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயந்து அவள் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தவள் நான்.

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்கு ஆர்டர் வந்துச்சு, போயிட்டேன். போக எடமில்லாம நின்னவரு அவரு. சொல்றதா இருந்தா அங்க போய் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

புதுச்சேரி நண்பரிடம் முகவரி வாங்கினேன். எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். நேற்று விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினேன். வழியில் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று எழுந்து, உட்கார்ந்தேன்.

சந்துக்குள் சின்ன வீடு. வாசலில் ஒலிபெருக்கிப் பெட்டிகள், சுருட்டின ஒயர்கள். அவர்தான் கதவைத் திறந்தார். எழுபதைத் தாண்டியவர், கண்ணாடி, வெள்ளைத் தலை. "சிங்கவரம். டைப் கிளாஸ்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சைக்கிள் பின்னாடி உக்காந்து வருமே, அந்தப் பாப்பாவா?"

உள்ளே கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மாமா கேட்டது, நான் லைவ் என்றது, மாமா அதை லவ் ஆக்கியது, அத்தை ஒத்துக்கொண்டாள் என்றது, அழுதாள் என்றது, எல்லாவற்றையும். முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?" என்றார்.

அப்போது அவர் மகள் தண்ணீர் கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். "யாருப்பா இவங்க?"

"பழைய கஸ்டமரும்மா. செஞ்சியில."

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

"கஸ்டமர் இல்லம்மா. உங்க அப்பா கடைய ஒடச்சவங்க வீட்டுப் பொண்ணு நான்."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "எந்தக் கடைப்பா?"

பிள்ளைகளிடம் அவர் சொல்லவே இல்லை. செஞ்சியில் ஒரு கடை இருந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவர் மோட்டுவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தை மாசம்" என்று ஆரம்பித்தார். நான் கோடை என்று வைத்திருந்த கதையை அவர் தையிலிருந்து ஆரம்பித்தார். "ஹெட்போன் மாட்டிக்கிட்டு கண்ண மூடி ஒரு டேப்ப சரி பாத்துட்டிருந்தேன். சிங்கவரத்துப் பெரிய வீட்டுக்காரரு வாசல்ல வந்து நின்னிருக்காரு. எனக்குத் தெரியல. நாற்காலிய விட்டு எழுந்திருக்கல. கண்ணத் தொறந்தா நிக்கறாரு. 'காலனியில இருந்து வந்து, பஜார்ல நாற்காலி போட்டு, நான் வந்து நின்னும் உக்காந்துனேவா இருக்க'ன்னாரு." அது மாமாதான்.

"தெரிஞ்சிருந்தா எழுந்திருப்பியாப்பா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு மாசியில் ஆள் வைத்துச் சொல்லி அனுப்பினார்களாம், கடையைக் காலி செய்யச் சொல்லி. பங்குனியில் பெயர்ப்பலகையில் சாணி. கடைக்காரர் போலீசுக்குப் போய்த் திரும்பி வந்தது, கடையைக் காலனிக்கே கொண்டுவந்துவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் மன்றாடியது, அவர் மாட்டேன் என்றது. ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டைப் கிளாஸ் டீச்சரம்மா ஒருத்தர் பாட்டு கேட்க வருவார், நல்ல காது என்று ஒரு வரி வந்தது. பிறகு கடை உடைந்தது, பொறுக்கியதில் அட்டையோடு ஒரே ஒரு கேசட் தேறியது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் புதுச்சேரிக்கு வந்தது, முதல் வேலை, கல்யாணம், இந்த வீடு.

நான் கடைசிவரை நின்றுகொண்டே கேட்டேன். அவர் சொன்ன கதையில் நான் வரவே இல்லை.